அறுப்பின் பண்டிகையும் அப்பாவின் மாத்திரையும்

ஆம்பூர்

அன்பு மகள் ஃபீபிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஏழு பூசணிக்காய்களும் ஒரு வான்கோழியும் கர்த்தர் கிருபையால் சுகம். அங்கே நீயும் உன் எலிகளும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன், எலிகளுக்காக ஜெபிக்கலாமா என்று ஆயரிடம் கேட்கவில்லை, கேட்டால் அதற்கும் ஒரு பிரசங்கம் வைப்பார். நசீர் அகமது பாயின் மகன் நீ இருக்கிற ஜெர்மனியில் ஏதோ செருப்புக் கண்காட்சிக்குக் கம்பெனி சார்பில் வருகிறான், அவன் கையில் இந்தக் கடிதத்தையும் பருப்புப்பொடியையும் எலுமிச்சை ஊறுகாயையும் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். நான் போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், ஆளை வைத்துக்கொண்டே ஆளைப் பற்றி எப்படிப் பேசுவது. அதோடு போன மாதம் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தவள் நான். அதற்கு மன்னிப்புக் கேட்கும் பழக்கம் நம் வீட்டு அம்மாக்களுக்குக் கிடையாது, ஊறுகாய் அனுப்பும் பழக்கம்தான் உண்டு.

அன்றைக்கு நீ பாதிதான் கேட்டாய், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். அப்பாவுக்குக் கை நடுங்கியதும் வேலூர் நரம்பு டாக்டர் மாத்திரை கொடுத்ததும் உனக்குத் தெரியும். நடுவில் அவர் இன்னொரு மாத்திரையையும் சேர்த்தார், அதை உனக்குச் சொல்ல விட்டுப்போயிற்று, கை நடுக்கம் நின்றுவிட்ட சந்தோஷத்தை மட்டும் சொன்னோம். சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொண்டார், நான் அடுப்படியில் நின்று அழுதேன். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார். உன் அப்பாவை உனக்குத் தெரியாதா, தோல் பேக்டரி பினிஷிங் செக்‌ஷன் மெஷின் சத்தத்தில் முப்பது வருடம் நின்றதில் பேச்சே மறந்துபோன மனிதர், கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். அந்த ஆள் காலையில் நான் சட்னி அரைக்கும்போது முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெண் பார்க்க வந்த அன்று நான் யாரையோ அதட்டின குரல் வாசல்வரை கேட்டதாகவும் அப்போதே இவள்தான் என்று முடிவு செய்ததாகவும் சொல்கிறார். இத்தனை வருடம் கழித்து! உன்னையும் தினமும் கூப்பிட்டார், நீயும் பூரித்துப்போய்ப் பேசினாய், மறக்காதே.

பிறகு வந்தது அறுப்பின் பண்டிகை, அவரவர் காணிக்கையாகக் கொண்டுவரும் காய்கனியையும் கோழியையும் ஏலம் போட்டுச் சபைக்குப் பணம் சேர்க்கிற நாள். பிரசங்கம் தொடங்கியதும் எழுந்து வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விடுகிறவர், அன்று முன்வரிசையில் உட்கார்ந்து ஏலத்தில் ஒரு பூசணிக்காயை எடுத்தார். நம் வழக்கப்படி அதைத் திரும்ப ஏலத்துக்குக் கொடுத்தார், திரும்ப அவரே எடுத்தார். மூன்றாம் முறை எதிரே கேட்பதற்கு ஒருவரும் இல்லை, தான் சொன்ன விலைக்கு மேல் தானே விலை ஏற்றினார். சபையே கைதட்டியது. ஆயர் ஜோசுவா மைக்கில் "இன்பராஜ் அண்ணனை ஆண்டவர் தொட்டுட்டார்" என்று சொல்லி அடுத்த வாரம் சாட்சி சொல்லவும் கூப்பிட்டார். நம் சபை ஏலம் முடிந்தால் மற்ற சபைகள் இல்லையா, ராணிப்பேட்டை, அரக்கோணம், நெமிலி என்று எங்கே அறுப்பின் பண்டிகை நடந்தாலும் இவர் பஸ்ஸோ ரயிலோ பிடித்துப் போய்விடுவார், வரும்போது கையில் ஏதாவது கத்திக்கொண்டிருக்கும். ஊரெல்லாம் இது எழுப்புதல், பக்தி பொங்குகிறது என்று சொன்னபோது அவருடைய பேக்டரி தோஸ்த் அமீர் பாஷா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு "டீச்சர், கை ஆடுறது நின்னு போச்சு, ஆனா ஆளு நிக்க மாட்டேங்கிறான், இன்னாமோ ஜாஸ்தியா இருக்குது, பார்த்துக்குங்க" என்றார். நான் அவரையும் முறைத்தேன்.

இதைச் சிரிப்பாகச் சொல்லலாம் என்றுதான் உனக்குப் போன் செய்தேன். நீ சிரிக்கவில்லை, மாத்திரையின் பெயரைக் கேட்டாய், பிறகு "அம்மா, இதுதான் என் வேலையே" என்றாய். எலிக்கு இரண்டு குழி வைப்பீர்களாம், ஒன்றில் எப்போதும் கொஞ்சம் தீனி, இன்னொன்றில் என்றைக்காவது நிறைய, இந்த ஜாதி மாத்திரை மூளையில் ஏதோ ரிசெப்டரில் போய் உட்கார்ந்ததும் சில எலிகள் நிச்சயமான தீனியை விட்டுவிட்டு அந்த என்றைக்காவதையே சுற்றிச் சுற்றி வருமாம், அப்பாவுக்கும் அதுதான் என்றாய். நீ பெங்களூரில் போதைப் பழக்கத்தைப் பற்றிப் பிஎச்டி சேர்ந்தபோது அப்போதிருந்த ஆயர் நீ போதை மருந்தில் மாட்டிக்கொண்டதாக நினைத்து உன் விடுதலைக்காக ஜெபம் வைத்தாரே, அன்றுகூட எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. "உங்கப்பா சிரிச்சா அதுக்கும் ஒரு வியாதி பேர் வெச்சிருக்கியா" என்று கேட்டுப் போனை வைத்தேன். நீ சொன்னது சரி என்று வைக்கும்போதே எனக்குத் தெரியும், தெரிந்ததால்தான் வைத்தேன். இந்த மாத்திரையைக் குறைத்தால் முக்காலியில் உட்கார்ந்து பேசுகிற மனிதர் போய்விடுவாரே. கொஞ்ச நாள் போகட்டும் என்று டாக்டரிடம் போகாமல் இருந்தேன்.

கடைசியில் அவரே வந்து சொன்னார். நெமிலியிலிருந்து அந்த வான்கோழியோடு வந்து, அதைக் கட்டக்கூடச் செய்யாமல் உட்கார்ந்து, "எனக்கு இதெல்லாம் வேணாம் மெர்சி, சத்தியமா வேணாம், ஒரு தரம் ரெண்டு தரம்னு கேட்டாலே கை தானா மேல போவுது, எனக்கே பயமாருக்குது" என்றார். மறுநாளே வேலூர் போனோம். டாக்டருக்கு ஆச்சரியம், இந்த மாத்திரை எழுதின அன்றே சூதாட்டம், சீட்டாட்டம் மாதிரி ஏதாவது புதிதாக ஆரம்பித்தால் உடனே சொல்லுங்கள் என்றேனே, நடுவில் வந்தபோதும் கேட்டேனே அம்மா என்றார். கேட்டார்தான். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா, "சூதாட்டமா! நாங்க சர்ச்சுக்குப் போற குடும்பம் சார்" என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். கர்த்தருக்குக் கொடுக்கிற காணிக்கையைச் சூதாட்டம் என்று எந்த டாக்டர் சொன்னாலும் ஒரு கிறிஸ்தவச்சி ஒப்புக்கொள்வாளா, நீயே சொல். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, திடீரென்று நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம் என்று எழுதிக் கொடுத்தார்.

இப்போது குறைந்துகொண்டு வருகிறது. ஏலப் பைத்தியம் போய்விட்டது, பக்கத்து சபையில் பண்டிகை என்று சொன்னாலும் பேப்பரை விரித்துக்கொள்கிறார். கை மறுபடி கொஞ்சம் ஆடுகிறது. பேச்சும் கம்மியாகிவிட்டது. உன்னைத் தினமும் கூப்பிடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. இத்தனை வருடம் இதையே படித்தும் சொந்த அப்பாவிடம் தெரியாமல் போயிற்றே என்று நீ அங்கே உட்கார்ந்து குமைந்துகொண்டிருப்பாய், எனக்குத் தெரியும். எலியைப் பார்க்கிற கண்ணால் பெற்றவரைப் பார்க்காமல் இருந்தாயே, அதுவரைக்கும் நல்லது. வேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலையை மூடிக்கொள், அந்தப் பெரிய விஞ்ஞானிகள் கூட்டத்தில் பேசப் போகும்போது நான் கொடுத்த பச்சைப் புடவையைக் கட்டு.

ஒன்று மட்டும் கடைசியில் வைத்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அப்பா எனக்கு டீ போட்டுக் கொண்டுவந்தார். முன்பு ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்துக் கொடுத்ததில்லை, நடுக்கத்தில் பாதி டீ தட்டிலேயே கொட்டிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே நின்று, "இத்தினி நாள் உன்கிட்ட பேசுனது நானா, அந்த மாத்திரையா" என்று கேட்டார். எனக்கென்ன தெரியும் ஃபீபி. விடை தெரியாத கேள்விக்கு வகுப்பில் எப்படி அடித்துச் சொல்வேனோ அப்படியே, "நீங்கதான், இதில இன்னா சந்தேகம்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், ஒன்றும் பேசவில்லை, ரொம்ப நேரம் எழுந்தும் போகவில்லை.

கர்த்தர் உன்னையும் உன் கையின் வேலையையும் ஆசீர்வதிப்பாராக. ஞாயிறு தவறாமல் போன் செய், அப்பா எடுப்பார், பேசாமல் இருந்தாலும் நீ வைத்துவிடாதே. நான் அவருக்குச் சொன்ன பதில் உன் படிப்புப்படி தப்பு என்றால் அதை உன்னோடு வைத்துக்கொள். அவருக்கும் சொல்லாதே, எனக்கும் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
மெர்சி இன்பராஜ்