எரியாத லாம்பு

உம்முடைய மூக்குக்கண்ணாடி இப்போது என் வேலை மேசையில் இருக்கிறது. காலையில் முதல் பஸ்ஸில் உம்முடைய மனைவி சாவகச்சேரிக்கு வந்து, நான் பட்டறை திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றார். தூண்டில் முட்களும் நைலோன் நூலும் போட்டு வைத்த உம்முடைய பெட்டியை, நீர் செத்துப்போய் ஒரு வருடம் கழித்து நேற்றுத்தான் துப்புரவாக்கியிருக்கிறார். அதன் அடியில், பழைய சாரத் துண்டொன்றில் சுற்றி, கூட்டோடு இருந்ததாம். கண்ணாடி நல்ல தடிப்பு. நான் போட்டுப் பார்த்தேன், எதிர்ச் சுவர் என் மேல் சாய்ந்தது. நீர் இதை ஒரு நாளாவது போட்டீரோ தெரியவில்லை. சட்டத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

கூட்டுக்குள் கண் வைத்தியர் எழுதிய துண்டும் இருந்தது. அதில் இருந்த மாதத்தை உம்முடைய மனைவி விரலால் தொட்டுக் காட்டினார். நாம் குருநகர்ப் படகு ஜெற்றியில் நின்று நான் செய்த லாம்பைப் பார்த்த நாளுக்கு அது நான்கு மாதம் முந்தியது.

"அப்ப அண்ணை," என்று கேட்டார், "அண்டைக்கு அவர் எதைப் பாத்தவர்?"

தேத்தண்ணீர் குடிக்கிறீர்களா என்று நான் கேட்டேன். வேண்டாம் என்றார். கடலில் செத்துப்போன உம்முடைய தம்பியின் மனைவி இன்னும் தன்னோடு கதைப்பதில்லை என்றும், ஒரு வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்துகொண்டு முகம் கொடுப்பதில்லை என்றும் சொன்னார். நீர் சொன்ன சொல்லை நம்பித்தான் தன் புருஷன் போனான் என்று அவர் நினைக்கிறாராம். சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

நீர் பொல்லாத மனிதர். உம்முடைய செத்தவீட்டில் அதை யாரும் சொல்லவில்லை. செத்தவீட்டில் எல்லோரும் நல்லவர்கள்தான். ஆகவே நான் இப்போது சொல்கிறேன், நீர் பொல்லாத வாய்க்காரர். ஆனால் நம் இரண்டு பேரில் கூடப் பொல்லாதவர் யார் என்பதில் எனக்கு இன்று மத்தியானம் வரை இருந்த நிச்சயம் இப்போது இல்லை.

மண்ணெண்ணெய் இல்லாத அந்த நாட்களில்தான் உம்மைக் கண்டேன். திருத்த வந்த இறைப்பு மெசின்களை ஓட்டிப் பார்க்க எனக்கு எண்ணெய் வேண்டும். விடிய முதல் வரிசையில் நின்றேன். நீர் ஒரு கலனோடு வந்து எனக்கு முன்னால் நுழைந்தீர். நான் உம்முடைய தோளைப் பிடித்தேன். "நீர் வெங்காயத்துக்குத் தண்ணி இறைக்க நிக்கிறீர். நான் லாம்பு கொளுத்திக் கடலிலை இடிபடாமல் வர நிக்கிறன்," என்றீர். "ஆர் முன்னுக்கு?" வரிசை முழுவதும் சிரித்தது. நான் வெட்கத்தில், பற்றறி விளக்குப் போட்டால் என்ன என்று கேட்டேன். கடையில் வாங்கும் பற்றறி விளக்கை உப்பு ஒரு மாதத்தில் தின்றுவிடும் என்றீர். அப்படியென்றால் ஒரே லாம்பில் இரண்டும் எரியும்படி நான் செய்து தருகிறேன், எண்ணெய் கிடைத்தால் எண்ணெய், கிடைக்காவிட்டால் பற்றறி என்று வாயை விட்டேன். வரிசையில் அவமானப்பட்டவன் பேசிய பேச்சு அது. "செய்து கொண்டுவாரும், பாப்பம்," என்றீர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

முதல் லாம்பைப் பால்மா ரின்னில் செய்தேன். மீன் விற்கும் இடத்தில், அத்தனை பேர் முன்னால், மீன் கழுவிய வாளித் தண்ணீரை அதன் தலையில் ஊற்றினீர். சுடர் போனது. கோழிக்குஞ்சுக்குக் கூடு நன்றாகச் செய்திருக்கிறேன் என்று மெச்சினீர். இரண்டாவதில் துளைகளையெல்லாம் அடைத்தேன். தண்ணீர் உள்ளே வரவில்லை, காற்றும் வரவில்லை. சுடர் சுருங்கி, நீலமாகி, தானாகவே அணைந்தது. நீர் தொப்பியைக் கழற்றி, செத்த சுடருக்குச் சிலுவை அடையாளம் போட்டீர். மூன்றாவதில், சூடேறிய கண்ணாடியில் நீர் குளிர்ந்த தண்ணீரை ஊற்ற அது வெடித்து, ஒரு துண்டு என் புறங்கையைக் கிழித்தது. என் இரத்தம் உம்முடைய மீன் பலகையில் சொட்டியது. "சாவகச்சேரிக் கைக்குப் பலாப்பழம் வெட்டத்தான் சரி," என்றீர். வீட்டுக்குப் போகும்வரை பஸ்ஸில் உம்மை ஏசிக்கொண்டே போனேன். அடுத்த நாள் காலையில் தகரம் வெட்டத் தொடங்கினேன்.

பிரச்சினை சின்னதுதான், ஆனால் விடாப்பிடியானது. எண்ணெய்ச் சுடருக்குக் காற்று வேண்டும். பற்றறிக்கும் வயருக்கும் உப்புக் காற்றே ஆகாது. ஒன்றுக்கு உயிர் கொடுப்பது மற்றதைக் கொல்லும். நான்காவது லாம்பில் தலைக்கு மேல் இரட்டை மூடி வைத்தேன், மழை நேரே கண்ணாடியில் படாது. அடியில் ஒரு வளையம். அதை ஒரு பக்கம் திருப்பினால் காற்றுத் துளைகள் திறக்கும், எண்ணெய் எரியும். மறுபக்கம் திருப்பினால் றப்பர் இறுகி எல்லாம் அடைபடும், பற்றறி எரியும். நீர் அதைக் கயிற்றில் கட்டி ஜெற்றியிலிருந்து கடலில் எறிந்தீர். இழுத்து எடுத்துத் திறந்து உள்ளே விரல் விட்டுத் தடவினீர். காய்ந்த விரல் வெளியே வந்தது. இனி எட்டத்தில் தெரிகிறதா என்று மழைக்குள் வைத்துப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னீர். அதற்கு மீன்பிடிச் சங்கத்து ஆட்களையும் வரச் சொன்னீர். கரையில் நின்றபடியே எந்தப் படகு யாருடையது என்று சொல்கிறவர் என்று உமக்குப் பெயர். நீர் பார்த்துச் சொன்னால் எல்லோரும் வாங்குவார்கள்.

அதற்கு இரண்டு நாள் முன்னர், விடாமல் மழை பெய்த ஒரு காலையில், லாம்பைப் பற்றறியில் எரியவிட்டுப் பட்டறை வாசலில் தொங்கவிட்டிருந்தேன். சிறிது நேரத்தில் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. உள்ளே அடைபட்ட காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் ஒட்டிவிட்டது. வெளிச்சம் கலங்கி, வேலிப் படலையைக்கூடத் தாண்டவில்லை. கீழ்நோக்கி வளைந்த ஒரு மெல்லிய குழாய் வைத்து அது மூச்சு விட வழி செய்தால் போதும். ஒரு நாள் வேலை. நீர் பார்த்து முடியட்டும், பிறகு செய்யலாம் என்று விட்டுவிட்டேன்.

பார்ப்பதென்று சொன்ன நாளில், இருட்டுகிற மம்மல் பொழுது, மழை தூறிக்கொண்டிருந்தது. உம்முடைய தம்பி லாம்போடு படகில் வலைக் கம்புகளுக்கு அப்பால் போனான். சங்கத்து ஆட்கள் கொட்டிலுக்குள் ஒதுங்கி நின்றார்கள். நீரும் நானும் ஜெற்றி முனையில் நனைந்தோம். நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். கடலும் மழையும் ஒரே சாம்பல். வேறு ஒன்றுமில்லை.

"தெரியுது," என்றீர். "நல்லாத் தெரியுது. இதுக்கு மேலை என்ன வேணும்?"

பின்னால் ஆட்கள் சந்தோஷமாகக் கதைக்கத் தொடங்கினார்கள். அப்போது என் சட்டைப் பையில் போன் அடித்தது. உம்முடைய தம்பி.

"அண்ணை, குறை நினையாதையுங்கோ. வயர் ஒண்டு கழண்டு போச்சு. லாம்பு இன்னும் எரியேல்லை. கொஞ்சம் நில்லுங்கோ."

நான் உம்மைத் திரும்பிப் பார்த்தேன். நீர் நெஞ்சை நிமிர்த்திக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றீர், படகு நின்ற திசைக்கு நன்றாக வலப்பக்கமாக. லாம்பை ஏன் விரலால் தடவிப் பார்த்தீர் என்பது அந்த நொடியில் விளங்கியது. கண் போன ஆளைப் படகில் ஏற்றமாட்டார்கள், ஏற்றினாலும் பாரமாகத்தான் ஏற்றுவார்கள். அதற்காக நீர் மறைத்தீர். அதுவும் விளங்கியது.

"ஓம் தம்பி," என்று போனில் சொன்னேன், கொட்டில் வரை கேட்கத்தக்கதாக. "நல்லாத் தெரியுது. கரைக்கு வா."

சரி அண்ணை என்றான் அவன். கரைக்கு வந்து லாம்பை என் கையில் தந்தபோது அவன் உம்மையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சங்கத்து ஆட்கள் அன்றைக்கே ஆளுக்கொரு லாம்பு செய்யச் சொல்லிவிட்டார்கள். நான் குழாய் வைக்கவில்லை. மறந்துவிடவில்லை, வைக்கவில்லை. உம்முடைய சொல் கிடைத்த பிறகு அந்த லாம்பில் கை வைக்க மனம் வரவில்லை. திருத்தினால் அதில் பிழை இருந்தது என்றாகிவிடும். அப்படியே செய்து, படகு படகாகக் கொடுத்தேன். முதல் லாம்பை உம்முடைய தம்பிதான் வாங்கித் தன் படகில் கட்டினான்.

அடுத்த மாரியில், அடைமழைக்குள், அவனுடைய படகை ஏதோ ஒரு பெரிய படகு ஏறிப் போய்விட்டது. எந்தப் படகு என்று இன்றுவரை தெரியாது. அவன் மூன்றாம் நாள் கரை ஒதுங்கினான். லாம்பு அதற்கு முன்பே வந்துவிட்டது. மிதந்துகொண்டிருந்ததைக் கண்டெடுத்தவர்கள் எனக்கு மரியாதையாகக் கொண்டுவந்து தந்தார்கள். உள்ளே ஒரு சொட்டுக் கடல் போகவில்லை. பல்ப் எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடியின் உள்பக்கம் முழுவதும் ஆவி. என் வேலை அவ்வளவு உறுதி.

அவனுடைய சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அவன் மனைவியின் ஆட்கள் உம்மைக் கேட்டார்கள், அந்த லாம்பு மழைக்குள் தெரியும் என்று நீர்தானே சொன்னீர் என்று. நீர் அசையவில்லை. "நான் பாத்தனான். நல்லாத் தெரிஞ்சது," என்றீர். பிறகு நான் நின்ற பக்கமாக முகத்தைத் திருப்பி, என்னையும் சொல்லச் சொன்னீர். நான் ஓம் என்றேன். சைவக்காரன் என்று மரியாதையாக எனக்குக் கதிரை போட்டிருந்தார்கள். நான் அதில் இருந்தேன்.

அதன் பிறகு றப்பர் மாற்ற வேண்டும் என்று பொய் சொல்லி, கொடுத்த லாம்புகள் எல்லாவற்றையும் திருப்பி வாங்கி, ஒவ்வொன்றுக்கும் அந்தக் குழாயை வைத்தேன். ஒரு நாள் வேலைகூட இல்லை, ஒன்றுக்கு அரை மணித்தியாலம். பட்டறைக்காரர் பொறுப்பான ஆள் என்று குருநகரில் பேர் வாங்கினேன்.

நீர் பிறகு கடலுக்குப் போகவில்லை. சலரோகம் என்ற அந்த நீரிழிவு காலில் ஏறியது. ஆஸ்பத்திரியில் நான் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நிற்க, "தகரம் மணக்குது. நீரோ?" என்றீர். அங்கேயும் சண்டைதான், கஞ்சி சரியில்லை, தாதி சரியில்லை, நான் கொண்டுவந்த தோடம்பழம் புளி. போக எழுந்தபோது என் கையைப் பிடித்தீர். "ஆரும் கேட்டா, நான் பாத்தனான் எண்டே சொல்லும்," என்றீர். "நான் செத்தாலும் அதை மாத்திச் சொல்லிப்போடாதையும்." தம்பியைக் கொன்றது உம்முடைய ஒரு சொல்தான் என்று நீர் முழுதாக நம்பிக்கொண்டிருந்தீர் என்பது அந்தக் கையிலேயே தெரிந்தது. லாம்பு எரியவில்லை என்பது எனக்கு அன்றே தெரியும், பிழையும் நான் முதலே கண்டதுதான் என்று அப்போது சொல்லியிருந்தால் உம்முடைய பாரத்தில் பாதியாவது இறங்கியிருக்கும். நான் இன்னொரு தோடம்பழத்தை உரித்து உம்முடைய கையில் வைத்துவிட்டு வந்தேன். நீர் அந்தக் கிழமையே போய்விட்டீர்.

இன்று காலை உம்முடைய மனைவி போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. மத்தியானப் பஸ்ஸில் குருநகருக்குப் போனேன். உம்முடைய தம்பியின் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, இரண்டு பெண்களையும் கதைக்க வைப்பது என்று முடிவு. வழி முழுவதும் சொல்லப்போகும் வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தேன். உண்மையைச் சொல்லப் போகிற மனிதன் என்று என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் மதிப்பு வந்திருந்தது. அதையும் ஒளிக்காமல் உமக்கு எழுதுகிறேன்.

அவர் முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன், போன் வந்தது, நான் சொன்ன பொய், ஆவி, குழாய், எல்லாம். அவர் ஒரு வரிசை முடியும்வரை புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"எனக்குத் தெரியும் அண்ணை," என்றார். "அவர் அண்டைக்கே வந்து சொன்னவர்."

அன்று கரைக்கு வந்தவன் வீட்டுக்குப் போய், எரியாத லாம்பு தெரிகிறது என்று அண்ணை சொல்லிவிட்டார், அண்ணைக்குக் கண் போய்விட்டது என்று மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறான். அதை ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். தான் அந்த லாம்பைக் கட்டாமல் விட்டால் ஏன் என்று ஊர் கேட்கும் என்றுதான் முதல் ஆளாகக் கட்டியிருக்கிறான். உம்முடைய மனைவியோடு ஏன் கதைப்பதில்லை என்று நான் கேட்டேன். கதைத்தால் வாய் தவறிச் சொல்லிவிடுவேன், அக்கா அதைத் தாங்கமாட்டா, அதனால்தான் முகம் கொடுப்பதில்லை என்றார்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என்னை நேரே பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை. அறியத்தான் கேட்டார்.

"அவர் தன்ரை அண்ணைக்காக வாய் மூடினவர். அத்தான் தொழிலுக்காக. நான் குடுத்த சத்தியத்துக்காக. நீங்கள் என்னத்துக்கு அண்ணை பேசாமல் இருந்தனீங்கள்?"

நான் படலையைச் சாத்திவிட்டு வந்தேன். பதில் இல்லாமல் இல்லை. அவரிடம் சொல்ல வாய் வரவில்லை, உம்மிடம் சொல்கிறேன், நீர் இனி யாரிடமும் சொல்லப்போவதில்லை. அத்தனை மாதமும் என் கையால் வந்த ஒன்றையும் நீர் நல்லது என்று சொல்லவில்லை. அன்று சொன்னீர். அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான். நீர் ஒன்றையும் காணவில்லை என்று தெரிந்தும், உம்முடைய தம்பி போன பிறகும், அந்தச் சொல்லை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.