புதுப் புடவைக்குப் பழைய நிறம்

12 ஜூன் 2006, திங்கள்

மழை பிடித்துக்கொண்டது. மொட்டை மாடியில் காயப்போட்ட புடவைகளை ஓடி ஓடி எடுத்தும் பாதி நனைந்துவிட்டது. மாடி முழுக்கப் பாச்சை உருண்டை வாசனை. யார் யார் வீட்டு பீரோவிலோ கிடந்த புடவைகள். பாத்திரக்காரிகள் தெருத்தெருவாகப் போய் எவர்சில்வர் டப்பாவும் தவாவும் கொடுத்து வாங்கி வருகிறார்கள், அவர்களிடமிருந்து நாங்கள். வெந்நீரில் போட்டு அலசி, கிழிசலை ஒதுக்கி, மீதியில் கோட்டும் பையும் தைக்கிறோம். வெளிநாட்டுக்காரர்கள் ஆசையாக வாங்குகிறார்கள்.

இன்று அட்டை அச்சாகி வந்தது. ஒவ்வொரு கோட்டிலும் தொங்கப்போகிற அட்டை. அதில் என் படம். ‘இவர் எல்சி. யாரோ ஒரு பெண் உடுத்தி வாழ்ந்த புடவையை அவள் வீட்டுக்கே போய் வாங்கி, உங்களுக்காக இதை வடிவமைத்தவர்’ என்று ஆங்கிலத்தில். முதலாளி தேஜஸ்வினி மேடம், “இனி நீதான் இந்தக் கம்பெனிக்கு முகம்” என்றார்.

நார்மன் ஒரு அட்டையை எடுத்து பர்ஸில் வைத்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் போட்டோவை அவர் பர்ஸில் வைத்தது இதுதான் முதல் தடவை.

4 ஜூலை

ஜெர்மனியிலிருந்து பெரிய ஆர்டர். தையல் ஹாலில் எல்லோருக்கும் பேடா. சாவித்ரி தன் பங்கை மகளுக்கென்று தாளில் மடித்து வைத்துக்கொண்டாள். ஹாலில் அவள்தான் மூத்தவள். அவள் சிரித்தால் மற்ற பெண்களும் சிரிப்பார்கள்.

எனக்குத்தான் பேடா இறங்கவில்லை. இவ்வளவு கோட்டுக்கு வேண்டிய பழைய புடவை பூனாவின் பீரோக்களையெல்லாம் கவிழ்த்தாலும் கிடைக்காது. மழையில் பாத்திரக்காரிகள் வேறு வெளியே வருவதில்லை. மேடத்திடம் சொன்னேன். “வரும் எல்சி. துணியை நார்மன் பார்த்துப்பார். நீ டிசைனைப் பார்.”

10 ஜூலை

மழை. புடவை வரவில்லை.

20 ஜூலை, வியாழன்

வந்துவிட்டது. மூட்டை மூட்டையாக. டெம்போவிலிருந்து இறக்கவே நேரம் பிடித்தது.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் கட்டிங் டேபிளில் விரித்ததும் கை நின்றுவிட்டது. உடுத்திய புடவையில் தோளில் குத்துகிற இடத்தில் ஊக்கு ஓட்டை இருக்கும். ஓரத்தில் ஃபால்ஸ் தைத்த தடம் இருக்கும். குதிகால் பட்டுப் பட்டு ஒரு முனை மட்டும் நைந்திருக்கும். மடிப்பு விழுந்த இடத்தில்தான் வெளுக்கும். இவற்றில் ஒன்றுமில்லை. எல்லாப் புடவையும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வெளுத்திருக்கிறது. பழைய புடவைக்கு அப்படி வெளுக்கத் தெரியாது.

நார்மனிடம் கேட்டேன். “வண்டியில வந்துச்சு, இறக்கிப் போட்டேன்” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

22 ஜூலை, சனி

டெம்போக்காரரிடம், மூட்டை எங்கிருந்து வருகிறது என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன். “லோஹேகாவ் கோடவுன்” என்றார். எங்களுக்கு லோஹேகாவில் கோடவுன் இருப்பதே எனக்குத் தெரியாது.

மத்தியானம் ரிக்ஷா பிடித்துப் போனேன். தகரக் கூரை போட்ட இடம். உள்ளே மில் ஸ்டிக்கர் கூடக் கிழிக்காத புதுப் புடவைகள் அடுக்கடுக்காக. ஒரு பக்கம் பெரிய தொட்டிகளில் பிளீச். வாயில் துணி கட்டிக்கொண்டு பெண்கள் சொரசொரப்பான கல்லால் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கண் எரிந்தது. சிவப்பும் நீலமுமாகத் தண்ணீர் பின்வாசல் வழியாக ஓடி, பக்கத்து வயலில் தேங்கியிருந்தது.

நாம் மண்ணைக் காப்பாற்றுகிறோமாம். அட்டையின் பின்பக்கம் அப்படித்தான் போட்டிருக்கிறது.

தொட்டிக்கு அந்தப் பக்கம் பில் கட்டோடு நார்மன் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். வெளியே வந்து ஸ்கூட்டரை உதைத்தார். நானும் ஏறி உட்கார்ந்தேன்.  விஷ்ராந்த்வாடி வரும்வரை, வழக்கம்போல அவர் தோளைப் பிடித்துக்கொள்ளலாமா கூடாதா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சீட்டைப் பிடித்துக்கொண்டேன்.

23 ஜூலை, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் அவராகவே சொன்னார்: “இந்த ஒரு ஆர்டருக்கு மட்டும்தான் எல்சி. அதுக்கப்புறம் நிறுத்திடறேன்னு மேடம் சொல்லியிருக்காங்க.”

“நீங்க நம்புறீங்களா?”

பைபிளை அலமாரியில் வைக்கப் போய்விட்டார்.

அதற்கு மேல் நான் எப்படிக் கேட்பேன்? வேலை பார்த்த பிம்ப்ரி ஃபேக்டரியை மூடிய பிறகு இந்த மனிதர் எப்படி இருந்தார் என்று எனக்குத்தானே தெரியும். ஷேவ் பண்ணுவதைக்கூட விட்டுவிட்டார். கதவைத் தட்டினால் உள்ளறைக்குப் போய்விடுவார். மேடத்திடம் போய் இவருக்கு வேலை கேட்டது நான். நான்தான். அன்றைக்கு மேடம் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இப்போது நான் வாயைத் திறந்தால் திரும்ப அந்த அறைக்குள் போய்விடுவார். இந்தத் தடவை வெளியே வருவாரா?

1 ஆகஸ்ட்

மேடத்திடம் பேசினேன். கோபப்படவே இல்லை. காபி சொன்னார்.

“யாருக்கு நஷ்டம் எல்சி? போட்டுக்கிறவளுக்குக் கோட்டு நல்லாத்தான் இருக்கு. ஹால்ல இத்தனை பொண்ணுங்க சாப்பிடறாங்க. நீ டிசைன் பண்ணதுதானே போகுது?”

அது பொய் இல்லையா என்றேன்.

“எனக்குத் துணியைப் பத்தி என்ன தெரியும்? நார்மன் வாங்கறார், நார்மன் கையெழுத்துப் போடறார். பழசுன்னு சொன்னார், நம்பினேன். நாளைக்கு யார் கேட்டாலும் நான் இதைத்தானே சொல்ல முடியும்?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். காபி ஆறிவிட்டது என்று வேறு காபி கொண்டுவரச் சொன்னார்.

17 ஆகஸ்ட்

பென்சில் எடுத்தால் ஒன்றும் வரவில்லை. என்னத்த வரைய? ஹாலுக்குள்ள போனா சுவரெல்லாம் அட்டையில இருக்கிற அதே என் மூஞ்சி, பெரிசு பெரிசா. சிரிக்குது. அதைக் கிழிச்சா என்ன? கிழிச்சு? வேலையை விட்டா – அவர் மட்டும் அங்க மாட்டிக்குவார். விடலைன்னா – ரெண்டு பேரும். ஆண்டவரே, வாசலே இல்லாத வீடு கட்டி நானே உள்ள உட்கார்ந்துட்டேனே.

2 செப்டம்பர், சனி

தெருவெல்லாம் கணபதி மண்டபம், டோல் மேளச் சத்தம். அந்த இரைச்சலில் மேடம் சொன்னது முதலில் சரியாகக் காதில் விழவில்லை. ஜெர்மனியிலிருந்து ஆர்டர் கொடுத்த அம்மா வருகிறாராம். ரெனாட்டா என்று பெயர். புடவை கொடுக்கிற ஒரு வீட்டையாவது பார்க்க வேண்டுமாம்.

“உன் வீடே போதும். அட்டையில இருக்கிற எல்சியோட வீடு. அவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.”

11 செப்டம்பர்

கம்பெனி கார் வந்து கோடவுன் புடவைகளைக் கொடுத்துவிட்டுப் போனது. என் பீரோவைத் திறந்து என் புடவைகளை எடுத்துக் கட்டிலுக்கடியில் போட்டேன். அவற்றின் இடத்தில் இவற்றை அடுக்கினேன். பிளீச் நெடி போகப் பாச்சை உருண்டை போட்டேன்.

பொய் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

12 செப்டம்பர், செவ்வாய்

எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் சாயங்காலம் அடுப்புப் பக்கம் போக முடியும்.

ரெனாட்டா என் அம்மா வயதுக்காரர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். சோபாவில் உட்காராமல் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மேடம் நாற்காலியில். நார்மன் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தார்.

பீரோவைத் திறந்தேன். அவர் ஒரு மாம்பழக் கலர் புடவையைத் தொட்டுப் பார்த்தார். “இதை எப்போது உடுத்தினீர்கள்?” என்று கேட்டார்.

மேடம் என்னைப் பார்த்தார்.

“என் மகளின் ஞானஸ்நானத்துக்கு” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? கல்யாணத்துக்கு என்று சொல்லியிருக்கலாம். கிறிஸ்துமஸுக்கு என்று சொல்லியிருக்கலாம்.

“மகள் பெயர் என்ன?”

“ஃபேபியோலா.”

கல்யாணமான புதிதில் நானும் நார்மனும் பேசி வைத்த பெயர். பிள்ளை வரவே இல்லை. பேசுவதையும் நிறுத்திவிட்டோம். அந்தப் பெயர் எனக்குள் இன்னும் இருந்தது என்பதே வாயிலிருந்து வந்தபோதுதான் தெரிந்தது.

திரும்பினால் வாசற்படியில் நார்மன், டீ டிரேயோடு. அதைக் கட்டில் முனையில் வைத்தார். ஒரு கப் சரிந்தது. துடைக்காமல் படியிறங்கிப் போய்விட்டார்.

ரெனாட்டா என் கையைப் பிடித்துக்கொண்டு, “இவ்வளவு பிரியமானதையா தரப்போகிறீர்கள்?” என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. ஆர்டரை இரண்டு மடங்காக்குவதாகக் காரில் ஏறும்போது சொன்னாராம். மேடம் போன் பண்ணிச் சொன்னார்.

அதே நாள், விளக்கு வைத்த பிறகு

வந்துவிட்டார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

“இல்லாத பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்துட்ட” என்றார். திட்டவில்லை. அப்படிச் சொன்னவரின் குரலை என்னால் எழுத முடியாது.

“வேற என்ன செய்யச் சொல்றீங்க? நான் பேசினா உங்க தலைதானே போகும். கையெழுத்து எல்லாம் உங்களோடது.”

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “அதுக்காகவா நீ சும்மா இருந்த? நான் உன் படத்துக்காக இருந்தேன்டி. நான் வாயத் திறந்தா ஊரெல்லாம் உன் மூஞ்சியில காறித் துப்புவாங்களேன்னு.”

 ஒருத்தரை ஒருத்தர் காப்பாற்றுகிறோம் என்று ஒருத்தரை ஒருத்தர் பூட்டி வைத்திருக்கிறோம்.

அவர்தான் கேட்டார்: “அந்தம்மா எந்த ஹோட்டல்?”

13 செப்டம்பர், புதன்

காலையில் ஹோட்டலுக்குப் போனோம். விளக்கிச் சொல்ல என் இங்கிலீஷ் போதவில்லை, தைரியமும்தான். “எங்களோடு வாருங்கள்” என்றேன். மூன்று பேரும் ஒரே ரிக்ஷாவில்.

கோடவுனில் அவர் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டிக்கர் ஒட்டிய புடவைகளைப் பார்த்தார். தொட்டியிலிருந்து ஒரு முந்தானையைப் பிழிந்தார். உள்ளங்கையில் சாயம். பின்வாசலில் நின்று வயலையே பார்த்துக்கொண்டிருந்தார். நார்மன், “வாங்கினது நான்” என்றார். நான், “தெரிந்தும் வெட்டியது நான்” என்றேன்.

அதற்கெல்லாம் தலையை ஆட்டினார். ரிக்ஷாவில் ஏறும்போதுதான் திரும்பிக் கேட்டார்: “அப்படியானால் மகளும் இல்லையா?”

“இல்லை.”

துணியைப் பார்த்து மாறாத முகம் அப்போது மாறியது. தனியாகவே ரிக்ஷாவில் போனார்.

25 செப்டம்பர்

ஆர்டர் ரத்தாகிவிட்டது. கம்பெனி எங்களை வெளியே அனுப்பிவிட்டது. தையல் ஹாலையும் மூடிவிட்டார்கள்.

சாவித்ரி வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலில் நின்றே இந்தியில் சொன்னாள்: “உனக்கு மனசு உறுத்துச்சு, போய்ச் சொல்லிட்ட. எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? இப்ப எங்க அடுப்பு எரியலை.”

அவள் தெருமுனை திரும்பும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 

9 நவம்பர்

வக்கீல் நோட்டீஸ். நான் போட்ட டிசைன் எதையும் நானே தைக்கக் கூடாதாம். என் கையே இன்னொருத்தருக்குச் சொந்தம்.

நார்மன் உள்ளறையில் படுத்திருக்கிறார். பயமாக இருக்கிறது.

10 நவம்பர்

இல்லை. காலையிலேயே எழுந்து ஷேவ் பண்ணிக்கொண்டு கிளம்பினார். எங்கே என்றேன். “பாத்திரக்காரிங்க விடியக்காலையிலதான் சந்தைக்கு வருவாங்க. லேட்டானா நல்ல புடவையெல்லாம் போயிடும்.”

3 ஜனவரி 2007

புது வெட்டு ஒன்று வந்திருக்கிறது. கிழிசலை ஒதுக்காமல், கிழிந்த இடத்திலேயே தையலைக் கொண்டுபோகிற மாதிரி. கம்பெனியில் இப்படி வரைந்ததே இல்லை. இது என்னுடையது. கேம்ப் கடைத்தெருவில் ஒரு கடைக்காரர் நான்கு கோட்டு வாங்கி மாட்டியிருக்கிறார். விற்றால் பார்க்கலாம் என்றார்.

20 பிப்ரவரி

மூன்று விற்றது. ஒன்று மஞ்சள் கறை என்று திரும்பி வந்தது. கறை நிஜம்தான். மறுபடி மாட்டச் சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.

14 மார்ச் 2007, புதன்

காலையில் கதவைத் திறந்தால் சாவித்ரி. அவள் வீட்டுக்கு நான் இரண்டு தடவை போயும் முகம் கொடுக்காதவள். யார் சொல்லி வந்தாள் என்று தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்தத் தடவை உள்ளே வந்தாள். மெஷினில் கிடந்த கோட்டைப் புரட்டிப் பார்த்தாள். “கைமுட்டியில இழுக்குது. உனக்கு வெட்டத்தான் தெரியும்” என்று சொல்லிப் பிரித்துவிட்டு, உட்கார்ந்து தைக்க ஆரம்பித்துவிட்டாள். டீ கொடுத்தேன். ஒரு கையால் குடித்துக்கொண்டே ஓட்டினாள். 

மத்தியானம் நூலைக் கடித்தபடி, “நாளைக்கு என் நாத்தனாரையும் கூட்டிட்டு வரேன். இன்னொரு மெஷின் இருக்கா?” என்று கேட்டாள்.

இல்லை. “இருக்கு” என்று சொல்லிவிட்டேன்.

நார்மன் சட்டையை மாட்டிக்கொண்டு, பழைய மெஷின்களும் விற்கிற ஜூனா பஜாருக்குக் கிளம்பியிருக்கிறார்.