ஆறாம் தேதி வரை நிற்க வேண்டிய மரம்

ஜனவரி 1, வியாழன்

மரத்தை எப்போது எடுப்பது என்று என்னைக் கேட்டால்? நேற்றே எடுத்திருக்க வேண்டும். ஆனால் யாரும் என்னைக் கேட்கவில்லை.

காலையில் பனி. புது வருஷ ஆராதனை இரண்டு. ஏழு மணிக்குத் தமிழ், ஒன்பதுக்குத் தெலுங்கு. இரண்டுக்கும் மணி அடித்தது நைனா, பாய் விரித்தது நான். அப்பா கோயில்பிள்ளை என்றால் மகனுக்கு அதுதான் உத்தியோகம். அதிலும் படிப்பை விட்டவனுக்கு.

பீடத்துக்கு முன்னால் கிறிஸ்துமஸ் மரம். சவுக்கு. நான் வெட்டி, நான் சுமந்து, மண்ணெண்ணெய் டின்னில் மண் இடித்து நான் நட்டது. உச்சியில் இரண்டு நட்சத்திரம். ஒன்று தமிழ்ச் சபையுடையது, ஒன்று தெலுங்குச் சபையுடையது. ஒருவருடையதை மற்றவர் தொடுவதில்லை. பைத்தியங்கள்.

திங்கட்கிழமை அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பாகாலா ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறவர். தெலுங்குக்காரர். சிரித்தால் ஈறு தெரியும்.

ஜன. 2, வெள்ளி

மாப்பிள்ளையின் அப்பா வந்தார். கோயிலைப் பார்க்கணுமாம். மரத்தில் கை வைத்தார். ஊசியிலை பொலபொலவென்று உதிர்ந்தது.

"அய்யய்யோ, எண்டிபோயின செட்டு! காஞ்ச மரத்துகிட்ட பொண்ணு மாப்பிள்ளைய முட்டி போட வெப்பீங்களா? அபசகுனம் காதா? எடுத்துடுங்க. இல்லன்னா நாங்க வரமாட்டோம்."

ஞானஸ்நானம் அவர் தாத்தா காலத்திலேயே எடுத்தாகிவிட்டது. சகுனம் மட்டும் போகவில்லை. நைனா தலையாட்டினார். எதற்கும் ஆட்டுவார்.

சாயங்காலம் மூப்பர் தேவசகாயம். தமிழ்ச் சபைப் பெரியவர். நாங்கள் இருக்கும் கோயில் வீடு அவர் ஒரு சொல்லில் இருக்கிறது.

"மூணு ராஜாக்கள் திருநாள் ஆறாந்தேதி. அதுவரிக்கும் மரம் நிக்கும். எங்கப்பா காலத்து வழக்கம். திருத்தணி யாருக்கு, புத்தூர் யாருக்குன்னு டில்லி வரிக்கும் அடிச்சிக்கினு கெடக்குறாங்க. நம்ம மரத்தையும் தெலுங்குக்காரங்களுக்கு எழுதிக் குடுத்துடணுமா?"

நைனா: "ஒரு ஓரமா நகத்திக்கலாங்களா?"

"நகத்தினாலும் எடுத்த மாதிரிதான்டா. எடுத்தீன்னா வூட்டையும் காலி பண்ணு."

அறுபது வயசு ஆளை 'டா'. நைனா சிரித்தார். எனக்குத்தான் எரிந்தது. மூப்பர் மேல் பாதி, நைனா மேல் பாதி.

ஜன. 3, சனி

குளிர். வேலை: பெஞ்சு துடைக்க. வாழைக்கன்று இரண்டு. பெட்ரோமாக்ஸ் மேண்டில். தலைமுடி வெட்ட (அக்கா உத்தரவு).

போதகர் வீட்டில் பஞ்சாயத்து. இரண்டு சபைக்கும் இவர் ஒருவரே. இரண்டுக்கும் பயம். ஒரு மணி நேரம் கத்தல். கடைசியில் தீர்ப்பு: "அவங்கவங்க ஜோடனைய அவங்கவங்க எப்ப வேணா எடுத்துக்கட்டும். மரம்... மரத்த வெட்டினது யாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அப்ப அவன் இஷ்டம்." சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஐந்தாம் பாரத்தில் திடீரென்று எல்லாப் பாடமும் தெலுங்காகி நான் பள்ளியை விட்டபோது ஒருவனும் என் இஷ்டத்தைக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறார்கள்.

மூப்பர் வாசலில் பிடித்தார். "டேய் உதவாக்கரை. ஆறாந்தேதி. உங்க நைனாவ நெனச்சிக்க."

"மரம் நிக்கட்டும்" என்றேன். அவருக்குப் பயந்து இல்லை. பாகாலாக்காரர்கள் வராமல் போகட்டும் என்றுதான்.

இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. கிறிஸ்துமஸ் மறுநாளிலிருந்து ஊற்றவில்லை. நைனா கேட்டபோதெல்லாம் ஊற்றினேன் என்றேன். அக்கா கல்யாணத்துக்கு அது பச்சையாக நிற்க வேண்டாம் என்று தோன்றியது. இந்த வீட்டில் என்னோடு பேசுகிறவள் அவள் ஒருத்தி. அவளையும் ரயிலேற்றிவிட்டு நான் யாரோடு சண்டை போடுவது?

ஜன. 4, ஞாயிறு

மூட்டம். மழை இல்லை. தெலுங்கு ஆராதனை முடிந்ததும் அவர்கள் நட்சத்திரம், காகிதப் பூ, பஞ்சு எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். மரம் ஒரு பக்கம் மொட்டை. இன்னும் கேவலம்.

பாகாலாவிலிருந்து ஆள் வந்து சொன்னான்: நாளைக் காலை மரம் இல்லை என்று தகவல் வந்தால்தான் ஒன்பது மணி வண்டியில் ஏறுவார்களாம்.

அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"டின்னுல மண்ணு காஞ்சி கெடக்குது. வெரல வுட்டுப் பாத்தேன்."

உரித்ததைத் தட்டில் போட்டாள்.

"இன்னாத்துக்குடா ஊத்தல?"

"மறந்துட்டேன்."

"பொய்யி. நைனாகிட்ட சொல்லல. சொன்னா, நான்தான் ஊத்தலன்னு அவரு போயி பழிய தன் தலைல போட்டுக்குவாரு."

இன்னொரு வெங்காயம் உரித்தாள்.

"அவங்க வரலன்னா நான் ஒண்ணும் செத்துட மாட்டேன். ஆனா இங்கியே இருந்துடுவேன்னு மட்டும் நெனச்சிக்காத. எனுக்குப் போவணும்டா. உனுக்குப் போவணும்னு இல்லியா?"

தட்டை என் பக்கம் தள்ளினாள். உரித்தேன். கண் எரிந்ததற்கு அதுதான் காரணம்.

ஜன. 5, திங்கள்

காலை ஐந்தரை. கடும் பனி. கிணறுகூடத் தெரியவில்லை.

கணக்கு எளிது. நைனா எடுத்தால் வீடு போகும். நான் எடுத்தால் அது என் திமிர், நைனாவுக்குத் தெரியாது. மூப்பர் என்னைத்தான் துரத்த வேண்டும். துரத்தட்டும். கல்யாணச் சோறு தின்றுவிட்டு அவர்கள் திரும்பும் வண்டியிலேயே திருப்பதி போகிறேன். அங்கே எவனும் என் சான்றிதழைக் கேட்காத வேலை ஏதாவது இருக்கும்.

மூப்பருடைய நட்சத்திரத்தைக் கசங்காமல் அவர் வாசலில் வைக்க வேண்டும். நானும் பிடுங்கினேன் என்று இருக்கக் கூடாது. பாகாலாவுக்குச் சொல்ல முதல் வண்டியில் ஆள் அனுப்ப வேண்டும்.

கோயில் சாவி நைனாவின் இடுப்புக் கயிற்றை விட்டு இறங்கியதே இல்லை. குளிக்கும்போதுகூட. விழித்தபோது இந்த நோட்டின் மேல் இருந்தது.

கோழை. தன்னால் முடியாததற்கு மட்டும் நான் வேண்டும்.

கிணற்றடியிலிருந்து நைனா குரல். யாரிடமோ பேசுவதுபோல்.

"கீழ வுழுந்த ஊசியெல்லாம் சுத்தமா பெருக்கணும். கொழந்த முட்டி போடுற எடம். குத்தும்."

துடைப்பம் எடுத்தாச்சு. வெட்டுக்கத்தி எடுத்தாச்சு. போகணும்.