ஏழாம் நம்பரின் இருமல்

மார்ச் 3

ஏழாம் நம்பர் விமானம் இன்றும் பாதி வழியில் திரும்பிவிட்டது. மலையை நெருங்கும்போது இன்ஜின் இருமுகிறதாம். போன வாரமும் இதே கதை. தரையில் வைத்து முடுக்கிப் பார்த்தால் ஒரு குறையும் இல்லாமல் ஓடித் தொலைக்கிறது.

அதை ஓட்டும் கேப்டன் நல்ல மனுஷன். "பரவாயில்லண்ணே, பார்த்து வைங்க" என்று போய்விட்டார். பாதுகாப்பு அதிகாரி அப்படி விடுகிற ஆளா? "யாரோ கை வெச்சிருக்காங்க" என்று எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இருவர் என்றால் நானும் பூனையும். அந்த இன்ஜினைத் தொடுகிற மெக்கானிக்குகள் நாங்கள் இரண்டே பேர்தான். போர் நேரத்தில் விமானத்தைக் கெடுத்தவனைச் சுவரோரம் நிறுத்திச் சுடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

நான் செய்யவில்லை. அப்படியென்றால்?

மார்ச் 4

பூனை என்ற பெயர் நான் வைத்ததல்ல. அவன் நடந்தால் சத்தமே கேட்காது. திரும்பினால் பின்னால் நிற்பான், தூக்கிவாரிப் போடும். வேறு படைப்பிரிவிலிருந்து மாற்றலாகி வந்தவன். ஏன் மாற்றினார்கள் என்று கேட்டால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். இன்று அந்தச் சிரிப்பை நினைத்துப் பார்த்தேன். பிடிக்கவில்லை.

எனக்கு இங்கே வைத்திருக்கும் பெயர் 'இன்னொருதரம்'. எந்த நட்டையும் இன்னொரு தரம் பார்க்காமல் விடமாட்டேன். வீட்டிலும் அதே குணம்தான். "உப்பு போட்டாச்சுன்னு நான் சொன்னா நம்பாம, அள்ளி வாயில போட்டுப் பார்த்துட்டுத்தான் நம்புவீங்க. உங்களைக் கட்டிக்கிட்டேன் பாருங்க" என்பாள் மனைவி. சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். இங்கே யாரும் சிரிக்கவில்லை.

மார்ச் 6

பூனை சாப்பாட்டுக்குத் தாமதமாக வந்தான். நாங்கள் எல்லோரும் கை கழுவி உட்கார்ந்தாயிற்று. இவன் கையில் மட்டும் பெட்ரோல் வாடை. எதற்கு?

மார்ச் 7

பெட்ரோல் வடிகட்டியின் நட்டு அதிர்வில் கழன்றுவிடாமல் கம்பி முறுக்கிக் கட்டுவோம். ஒவ்வொருத்தன் முறுக்கும் ஒவ்வொரு மாதிரி, கையெழுத்தைப் போல. நான் நெருக்கமாக முறுக்கி நுனியை உள்ளே மடக்குவேன், சட்டையில் மாட்டக்கூடாது என்று. நேற்று மாலை கட்டியது நான்தான். இன்று காலை பார்க்கிறேன் — முறுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கிறது. இடது கைக்காரன் கட்டு. பூனைக்கு இடது கைப் பழக்கம்.

"வடிகட்டியைத் தொட்டியாடா?" என்றேன். "இல்லையே" என்றான். கண்ணைப் பார்த்தே சொன்னான், படுபாவி.

மார்ச் 8

சொல்லிவிட்டேன். அதிகாரி கம்பியை வந்து பார்த்தார். பூனையைக் கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. அது ஆச்சரியம் மாதிரி இருந்தது.

நான் சொன்னது உண்மைதானே? பிறகு ஏன் சோறு இறங்கவில்லை?

மார்ச் 11

ஏழாம் நம்பர் இன்றும் திரும்பிவிட்டது. அதே இடம், அதே இருமல். பூனை உள்ளே இருக்கிறான்!

காவலாளி தெரிந்தவன் என்பதால் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் போய்ப் பார்த்தேன். பூனை தட்டை வாங்கிக் கீழே வைத்தான்.

"வடிகட்டியக் கழட்டினது நான்தான். நீ அதுல தண்ணி கலந்திருப்பியோன்னு திறந்து பார்த்தேன்."

"நானா? டேய்!"

"வேற யாரு? நான் இல்லன்னு எனக்குத் தெரியும். மிச்சம் நீதான்."

"அதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

"யார்கிட்ட? உன்கிட்டயா?"

அவன் மனதில் ஓடியதும் என் மனதில் ஓடியதும் ஒன்றேதான். நான் முந்திக்கொண்டு வாயைத் திறந்துவிட்டேன். அதற்காக அவனைச் சுடப்போகிறார்களா? கடவுளே.

மார்ச் 12

அதிகாரியிடம் போனேன். "அவன் முன்னாடியே ஏதோ செஞ்சு வெச்சிருக்கான், அது இன்னும் வேலை செய்யுது" என்கிறார். ஒரு ஆளைப் பிடித்துக் கொடுத்தவன் நான். இப்போது அவன் நல்லவன் என்று நானே சொன்னால் யார் கேட்பார்கள்?

இன்ஜினை இன்று முழுக்கப் பிரித்துப் பார்த்தேன். தூசி இல்லை, தண்ணீர் இல்லை. நானும் இல்லை, பூனையும் இல்லை என்றால், மேலே போன பிறகு அந்த இன்ஜின் பக்கத்தில் இருப்பது ஒரே ஒருத்தர்.

சீ, என்ன புத்தி இது. அவர் என்னை 'அண்ணே' என்று கூப்பிடுகிறவர்.

மார்ச் 13

செய்துவிட்டேன். விமானி இருக்கைக்குப் பக்கத்தில் தாழ்வாகப் பெட்ரோல் வால்வின் பிடி இருக்கிறது. அதைக் கொஞ்சம் மூடினாலே பெட்ரோல் குறைந்து இன்ஜின் இருமும். கிளம்பும் முன் அதை நாங்களே திறந்து வைத்து இன்ஜினைச் சூடாக்கிக் கொடுப்போம். தரை இறங்கும்வரை விமானி அதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பிடியை முடி போன்ற செப்புக் கம்பியால் கட்டினேன். லேசாகத் திருப்பினாலே அறுந்துவிடும். கேப்டனுக்குத் தோள் வார் மாட்டிவிடும்போது எட்டிப் பார்த்தேன், கம்பி முழுதாக இருந்தது.

திரும்பி வந்தார். இருமியதாம். அவர் இறங்கியதும் ஏறிப் பார்த்தேன். கம்பி அறுந்து தொங்குகிறது.

துண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 14

கொட்டகைக்குப் பின்னால் காலி பீப்பாய்கள் அடுக்கியிருக்கும் இடத்தில் கேப்டனைத் தனியாகப் பிடித்தேன். கம்பித் துண்டைக் காட்டினேன். மறுப்பார் என்று நினைத்தேன். அவர் பீப்பாய் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"மலையத் தாண்டினா கீழ இருந்து சுடறாங்கண்ணே. ஒவ்வொரு தரமும் கை தானா அந்த வால்வுக்குப் போகுது. நான் என்ன பண்ணட்டும்?"

"உள்ள ஒருத்தன் இருக்கான் சார். உங்களால."

"தெரியும். நானே போய்ச் சொல்லிடறேன். ரெண்டு நாள் குடுங்க."

பாவமாகத்தான் இருந்தது. சரி என்றேன். முட்டாள்.

மார்ச் 18

அவர் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக மலையைத் தாண்டிப் போய்க் குண்டு போட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார், நேற்றும் இன்றும். தோளில் தட்டிக் கொடுக்கிறார்கள். என்னைக் கண்டால் வேறு பக்கம் நடக்கிறார்.

அதிகாரி என்னைக் கூப்பிட்டுச் சிரித்தார். "பாத்தியா? அவனப் பிடிச்சதும் இன்ஜின் சரியாயிடுச்சு." வருகிற திங்கட்கிழமை பூனைக்கு விசாரணை. தீர்ப்பை இப்போதே எழுதி வைத்திருப்பார்கள் போல.

மார்ச் 19

எல்லாவற்றையும் அதிகாரியிடம் கொட்டிவிட்டேன். அறுந்த கம்பியை மேஜைமேல் வைத்தேன். அவர் அதைப் பேனா முனையால் தள்ளினார்.

"இதை நீயே அறுத்திருக்கலாம்."

"நான் எதுக்கு சார் அறுக்கணும்?"

"கூட்டாளியக் காப்பாத்த. முதல்ல அவனக் காட்டிக் குடுத்த, இப்ப கேப்டன் மேல சேற்றை வாரி அடிக்கிற. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

அவர் இடத்தில் நான் இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேனோ? பூனையின் அறையிலேயே என்னையும் போட்டுப் பூட்டினார்கள். பூனை நகர்ந்து இடம் கொடுத்தான்.

மார்ச் 20

ஏழாம் நம்பருக்கு வேறு பிரிவிலிருந்து மெக்கானிக்குகளை வரவழைத்தார்களாம். அதிகாரியே பக்கத்தில் நின்று ஒவ்வொரு நட்டையும் பார்த்தாராம். காவலாளி சொன்னான். இன்னொன்றும் சொன்னான்: நேற்று மலைக்கு அந்தப் பக்கம் போன மூன்றாம் நம்பர் திரும்பவே இல்லை. அதில் இருந்தவர் கேப்டனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர்.

மார்ச் 21

மீண்டும் என் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் ஏழாம் நம்பர் கிளம்பும் சத்தம் கேட்டது. நல்ல சத்தம், ஒரு பிசிறு இல்லை. பூனையும் நானும் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். ஒழுங்காகப் போய்த் தொலைந்தால் எங்கள் கதை முடிந்தது. இது எங்கள் இருவருக்கும் தெரியும். சத்தம் தேய்ந்து மறைந்தது. பூனை கண்ணை மூடிக்கொண்டான்.

பிறகு திரும்பி வரும் சத்தம். விட்டு விட்டு, இருமிக்கொண்டே.

பூனை என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். பூட்டின அறைக்குள் இரண்டு மெக்கானிக்குகள். இருமுகிறது ஆகாயத்தில்! எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் தண்ணீரும். "சும்மா இருண்ணே" என்றான். உள்ளே வந்தபிறகு அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

மதியம் அதிகாரியே வந்து கதவைத் திறந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. "ரெண்டு பேரும் கிளம்புங்க" என்றார், அவ்வளவுதான். நான் ஒரே தாவலில் வாசலுக்கு வந்துவிட்டேன். பூனை வரவில்லை. உள்ளே குனிந்து கம்பளியை உதறி, மூலைக்கு மூலை சேர்த்து மடித்துக்கொண்டிருந்தான்.

"யாருக்குடா அத மடிக்கிற? வா, போகலாம்."

"கேப்டனுக்குத்தான். ராத்திரி இங்க ரொம்பக் குளிருதுண்ணே."

மடித்த கம்பளியைத் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தான்.