நாலாவது ஞாயிற்றுக்குப் பெட்ரோல்

செப்டம்பர் 28, ஞாயிறு

போகவில்லை. மாதத்துக்கு ஒரு டேங்க், அதற்கு மேல் முடியாது என்று மகன் கையை விரித்துவிட்டான். என் வீட்டுக்காரர் இருக்கும் பராமரிப்பு இல்லத்துக்குப் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். மூன்று ஞாயிறு போய்வந்தால் டேங்கில் மிஞ்சுவது நாலாவதுக்குப் பத்தாது.

சாயங்காலம் அங்கிருந்து நர்ஸ் போன் செய்தாள். "ஐயா காலைல இருந்து சட்டை போட்டுக்கிட்டு வாசல்லயே உக்காந்திருக்காரும்மா. இன்னைக்கு வரமாட்டாங்கன்னு சொன்னா உள்ள வரமாட்டேங்கறார்."

வாதத்தில் பேச்சும் இடது பக்கமும் போன மனிதர். கிழமை மட்டும் எப்படித் தெரிகிறது?

செப்டம்பர் 30, செவ்வாய்

மருமகள் லீவு போட்டு காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள். என்னையும் ஏற்றிக்கொண்டாள். நான் குடிவந்த அன்று காலை பத்தேகாலுக்கு, "உங்க தையல் மிஷினுக்கு இங்க இடமில்லையே அத்தை" என்று சொன்னவள் இவள்தான். அப்படியானால் அது படியேறவே வேண்டாம் என்று கார் டிக்கியிலேயே விட்டுவிட்டேன். இரும்புக்கால் உட்பட இரண்டு வருஷமாக அங்கேதான் இருக்கிறது.

மெக்கானிக் ஏர் ஃபில்டரை உருவிக் காட்டினார். அடுப்புக்கரி தோற்கும் கறுப்பு. "வண்டி மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடியிருக்கும்மா." டிக்கியைத் திறந்தவர், "இந்த இரும்பு எதுக்கு தினம் சவாரி போகுது?" என்றார்.

"அது அத்தையோடதுண்ணா. இருக்கட்டும்" என்றாள்.

நாலு டயரிலும் காற்று குறைவு. அடித்து முடித்ததும் நியூட்ரலில் போட்டுவிட்டு, "தள்ளிப் பாருங்கத்தை" என்றாள். விளையாடுகிறாளா? எழுபத்து மூன்று வயது எனக்கு. இரண்டு கையும் வைத்தேன்.

நகர்ந்தது. கார் நகர்ந்தது. வெறும் காற்றுக்கு இத்தனை பலமா?

அக்டோபர் 5, ஞாயிறு

இனி மருமகள்தான் ஓட்டுவாளாம். மகன் சிரித்தான். "ஆமை கூட உங்கள ஓவர்டேக் பண்ணும்மா, பாத்துக்க." அவன் ஓட்டினால் பச்சை விழுந்ததும் வில்லிலிருந்து விட்ட அம்பு, சிவப்பில் குடல் வாய்க்கு வரும் பிரேக்.

இவள் ஓட்டுவது வேறு. எங்கோ கடுகளவு சிவப்பு தெரிகிறது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டாள்.

"ஏன், நிறுத்தப் போறியா?"

"இல்லத்தை. சிவப்புக்கு ஓடிப்போய் நின்னு என்ன பண்ணப் போறோம்? அது பச்சையாகறப்போ போய்ச் சேருவோம்."

கார் சத்தமில்லாமல் உருண்டது, படகு மாதிரி. ஹார்ன் அடித்துத் தாண்டிப் போனவன் அங்கே நின்றுகொண்டிருந்தான். நாங்கள் கிட்டே போகவும் பச்சை விழுந்தது. நிற்காமலே அவனைக் கடந்தோம். கையில் மயிர்க்கால் எழுந்து நின்றது. அடுத்த சிக்னலிலும் அதே. அதற்கடுத்ததிலும்.

யார் சொல்லிக்கொடுத்தது? கேட்கவில்லை. கேட்டால் பாராட்டியதாகிவிடும்.

அக்டோபர் 8, புதன்

காரின் தலைமேல் இருந்த கேரியரையும் கழற்றிவிட்டாள். காற்றில் இழுக்கிறதாம். மிஷினைப் பற்றி மட்டும் வாயே திறப்பதில்லை. திறந்திருந்தால் நாலு கேட்டிருப்பேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

மூன்றாவது ஞாயிறு முடிந்தது. பெட்ரோல் முள்ளைப் பார்த்தேன். போன மாதத்தைவிட எவ்வளவோ மேலே நிற்கிறது. நம்பவே முடியவில்லை.

"பத்துமா?"

"தொட்டும் தொடாமலும் இருக்குத்தை. தள்ளிட்டு வர்ற மாதிரி ஆகக்கூடாதில்ல."

ராத்திரி தூக்கமில்லை. அவர் அங்கே சட்டையோடு உட்கார்ந்திருப்பார். நான் இங்கே வீம்பை டிக்கியில் ஏற்றி ஊர் சுற்றுகிறேனா?

அக்டோபர் 20, திங்கள்

மிஷினை இறக்கச் சொன்னேன். மகன் தூக்கும்போது முனகினான். கார் பின்பக்கம் ஒரு விரல் உயர்ந்தது. அத்தனை கனமா, நான் வைத்தது?

மருமகள் ஜன்னலோரம் இருந்த தன் மேஜையை நகர்த்தி இடம் பண்ணினாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நகராத மேஜை. அதையும் குறித்து வைக்கிறேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

நாலாவது ஞாயிறு. போனோம். சட்டை போட்டு வாசலில் இருந்தார்.

மருமகள் முள்ளைப் பார்த்துவிட்டு வந்தாள். "வீட்டுக்குப் போறதுக்கு மேலயும் கொஞ்சம் இருக்குத்தை. மாமாவை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போவமா?"

முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டியவரைப் பின்னால் உட்கார வைக்க மனம் வரவில்லை. முன் சீட்டில் அவர். பின்னால் நான், இரண்டு பேருக்கும் நடுவே தலையை நீட்டிக்கொண்டு.

தூரத்தில் சிவப்பு. மருமகள் காலை எடுத்தாள். அதே நொடி அவருடைய வலது காலும் தரையிலிருந்து எழும்பியது. யாரும் சொல்லவில்லை. அவளும் பார்த்துவிட்டாள். கார் உருண்டுகொண்டே போனது, அந்தக் கால் அந்தரத்திலேயே நின்றது.

பச்சை விழுந்ததும் அவள் காலும் அவர் காலும் சேர்ந்து இறங்கின.