கணப்பை அணைத்த விருந்தாளி

அக்டோபர் 30

மலையூருக்குப் போகவும் வரவும் பேருந்துச் சீட்டு வாங்கியாயிற்று. ஐந்தாம் தேதி மதியம் 2.40க்குத் திரும்புகிறேன்.

அங்கே இருக்கும் ஹட்சுயோ அம்மாளும் நானும் ஒன்பது வருடமாக அஞ்சலட்டையில் ஷோகி என்னும் ஜப்பானியச் சதுரங்கம் ஆடுகிறோம்; ஓர் அட்டைக்கு ஒரு காய் நகர்த்தல். நேரில் பார்த்ததில்லை. இந்தப் பயணத்தில் ஒன்று கேட்க வேண்டும்: மிச்சக் காலத்தை அவருடன் கழிக்கலாமா என்று. எழுபத்திரண்டு வயதில் கேட்கிற கேள்வியா? நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நான்கும் விடுப்பு விண்ணப்பம் போலவே இருக்கின்றன.

நவம்பர் 2

வந்து சேர்ந்தேன். "ஒரு காய நகத்த மூணு வாரம் எடுத்துக்குற ஆளு, பஸ்ஸ விட்டு நேரத்துக்கு எறங்கிட்டீங்களே வாத்தியாரே!" என்றார் ஹட்சுயோ அம்மாள். சுட்ட ஆற்றுமீன், காளான் சூப்.

கேட்கவில்லை.

நவம்பர் 3

எழுதவே கை கூசுகிறது.

காலையில் அவர் முள்ளங்கி பிடுங்கப் போயிருந்தார். கூடத்தின் நடுவே, தரைக்குழியில் கணப்பு நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. மேலே அவ்வளவு பெரிய புல்கூரை; வீட்டில் நான் மட்டும். ஒரு பொறி பறந்தால்? வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றிவிட்டேன். சாம்பல் உத்தரம் வரை எழும்பியது. பாய், மடித்து வைத்த துணி, நான் — எல்லாம் ஒரே நிறம்.

ஓடிவந்தவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தேன். சிரிப்பு!

"அந்தப் பொகதான் கூரையில பூச்சி அண்டாம காக்குது வாத்தியாரே! என் வீட்டுக்காரர் செத்த அன்னிக்குக்கூட இது அணையல. இத அணைக்க நீங்க வரவேண்டியிருந்துச்சு!"

பக்கத்து வீட்டு கான்ஜி தன் கணப்பிலிருந்து கங்கு எடுத்துவந்தார். "ஹட்சுயோக்கா, வந்திருக்கிறது விருந்தாளியா, தீயணைப்பு வண்டியா?"

இனி எந்த முகத்தோடு கேட்பது?

நவம்பர் 4

தண்டனை கிடைத்தது. இங்கே தினமும் மாலையில் ஒரு வீட்டார் முறைவைத்து, இரண்டு கட்டைகளைத் தட்டிக்கொண்டு "நெருப்பு ஜாக்கிரதை!" என்று கூவி ஊரைச் சுற்றிவர வேண்டும். இன்று ஹட்சுயோ அம்மாள் வீட்டு முறை. அவருக்கோ மூட்டுவலி.

"நெருப்புன்னா உங்களுக்குத்தானே அவ்ளோ பயம். போய் ஊருக்கும் சொல்லுங்க."

முப்பத்தாறு வருடம் கடைசி பெஞ்சுக்குக் கேட்காத குரல் இது. முதல் மூன்று வீடுகளில் எனக்கே கேட்கவில்லை. கான்ஜி சன்னலைத் திறந்தார். "யாருகிட்ட ரகசியம் சொல்றீங்க?"

கோபம் வந்துவிட்டது. அடிவயிற்றிலிருந்து கத்தினேன். ஒரு நாய் பதிலுக்குக் குரைத்தது. அப்புறம் நிறுத்த மனமில்லை. இரண்டாவது சுற்றும் போனேன்.

அந்தக் கேள்விக்கு மட்டும் குரல் வரவில்லை.

நவம்பர் 5

2.40. சன்னலோர இருக்கை. கேட்கவில்லை. சே, என்ன மனுஷன் நான்!

நவம்பர் 19

அஞ்சலட்டை. வழக்கம்போல அவர் நகர்த்திய காய். அதன் கீழே:

"இருந்த நாளெல்லாம் என்னமோ கேக்க வாயத் தொறந்து தொறந்து மூடினீங்க. கேள்வி எதுவோ, என் பதில் 'ஆகட்டும்'. டிசம்பர் எட்டு நம்ம முறை வருது. குரலோட வந்து சேருங்க."

பலமுறை படித்தேன். வேறு அர்த்தம் இருக்குமோ என்று தேடினேன். இல்லை.

டிசம்பர் 8

கணுக்கால் புதையும் பனி. என் குரல் கடைசி வீடு வரை கேட்டதாம். கான்ஜி காதைப் பொத்திக்கொண்டார். கணப்புப் பக்கம் வாளியோடு போக எனக்கு இன்னும் அனுமதி இல்லை.

திரும்பும் சீட்டு வாங்கவில்லை.