மூன்றாவது சரணம் உன்னிடம் இருக்கிறது

லானோ, டெக்சஸ்
ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்த பிறகு

அன்பு மகன் ராய்ஸுக்கு அம்மா எழுதுவது.

நலம் என்று எழுதப் போனேன், பொய் சொல்ல மனம் வரவில்லை. உயிரோடு இருக்கிறோம். அலாஸ்காவின் குளிரில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததை எழுதினேன். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அதற்குச் சண்டை போட இப்போது எனக்குத் தெம்பு இல்லை. வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது, 'இல்லை' என்ற சொல் மட்டும்தான் பாக்கி. அதை அவர் முன்பும் நிறையத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

விஷயம் வேறு. நாஷ்வில் இசைக் கம்பெனியிலிருந்து பிரெஸ்டன் என்று ஒரு பையன் வந்திருக்கிறான். அப்பா எழுதிய பாட்டுகளைப் பெரிய பாடகர்களெல்லாம் ஆளுக்கொன்றாகப் பாடி, அவருக்கு மரியாதையாக ஒரு ஆல்பம் போடப் போகிறார்களாம். நல்ல காரியம்தான். ஆனால் அட்டைப் படத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம் சமையலறை நாற்காலி காலியாக இருக்கிறது, அதன்மேல் அப்பாவின் தொப்பி. அந்த மனிதர் அதே நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட் ரொட்டியும் கிரேவியும் தின்றுகொண்டிருக்கிறார்! செத்தவருக்குப் போடுகிற மாதிரி இது என்ன படம் என்று கேட்டேன். அது கலையாம்.

படத்தைக்கூட விட்டுவிடலாம். 'திறந்த கேட்' பாட்டைத்தான் என்னால் விட முடியவில்லை. அதை கேஸி லின் பாடியிருக்கிறாள். அருமையான குரல், குறை சொல்ல மாட்டேன். ஒருவன் வீட்டை விட்டுப் போகிற அந்த இரண்டு சரணம் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று நெடுநேரம் முனகி, அப்படியே முடித்துவிட்டாள். பிரெஸ்டன் அழுதான். அப்பா இடது கையால் காப்பிக் கோப்பையைத் தட்டிவிட்டார். 'இல்லை, இல்லை' என்று முகம் சிவக்கக் கத்தினார்.

அந்த முனகல் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். இந்தத் தொழிலில் பாட்டெழுதுகிறவர் சமையலறை மேசையில் உட்கார்ந்து கேசட்டில் பாடி அனுப்புவார், பாடகர்கள் அதைக் கேட்டுக் கற்றுக்கொள்வார்கள். இந்தப் பாட்டைப் பதிவு செய்த அன்று அப்பா மூன்றாவது சரணத்துக்குப் போகும்போது, கட்டை விரலில் தூண்டில் முள் ஏறி நீ அலறிக்கொண்டு ஓடி வந்தாய். அவர் முனகிக்கொண்டே எழுந்தார், கேசட் நின்றது. மூன்றாவதை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று அதையே தபாலில் போட்டார். அதற்குள் பாட்டு ரேடியோவில் வந்து ஊரையே அழவைத்துவிட்டது. அன்றிலிருந்து பாடுகிறவர்கள் எல்லோரும் உன் விரலுக்காக அவர் முனகியதை வேதம் மாதிரி முனகுகிறார்கள்.

பிரெஸ்டனிடம் இதைச் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்: "அம்மா, இருக்கறதுலயே சோகமான பாட்டு இதுதாங்க. அந்த ஆள் திரும்பி வந்துட்டான்னா சோகம் போயிடுமே."

"போகட்டுமே தம்பி. அதுக்குத்தானே எழுதினாரு" என்றேன்.

சரி, அந்தச் சரணத்தைக் கொடுங்கள், மாத முடிவு வரை காத்திருக்கிறேன் என்றான். எங்கே போய்க் கொடுப்பது? அதை அவர் காகிதத்தில் எழுதவே இல்லை. சனிக்கிழமைகளில் மாட்டுச் சந்தைக்குப் போகும்போது பிக்கப் வண்டியில் உனக்கு மட்டும்தான் பாடுவார்.

செவ்வாய்க்கிழமை அப்பா முற்றத்தில் நிற்கும் பழைய வண்டியைக் காட்டிக் காட்டி அடம்பிடித்தார். தூக்கி உட்காரவைத்தேன். பாட ஆரம்பித்தார், ராய்ஸ்! பேச்சு வராதவர்களுக்குப் பாட்டு வருவது உண்டு என்று வைத்தியம் பார்க்கும் பெண் சொல்லியிருந்தாள், நான்தான் நம்பவில்லை. இரண்டு சரணமும் தண்ணீர் மாதிரி வந்தது. பிறகு, 'வருஷம் கழிச்சு வந்து பார்த்தேன், அந்தக் கேட்டு...' அவ்வளவுதான். நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி அங்கேயே. பக்கத்து இருக்கையை, உன் இருக்கையை, அடித்து அடித்து என்னைப் பார்த்தார். எனக்கு எப்படித் தெரியும்? அந்த வண்டியில் நான் எந்தச் சனிக்கிழமை வந்தேன்? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர்மேல், உன்மேல், ரகசியம் மாதிரி ஒரு பாட்டைப் பங்கு போட்டுக்கொண்டு என்னை வெளியே நிறுத்திய உங்கள் இரண்டு பேர்மேலும்.

உன் குரலுக்கு மாடுகூடத் திரும்பிப் பார்க்காது என்று அவர் சொன்னது அநியாயம். அன்றே அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அதையே நீ இத்தனை காலம் மென்றுகொண்டிருப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. பிடிவாதத்தில் அச்சு அசல் அவரேதான் நீ.

இன்னும் ஒன்று. திறந்திருந்த கேட்டைத் திறந்தபடி விடணும், தான் திறந்ததைத் தானே சாத்தணும் என்று நடக்கப் பழகும்போதே உனக்குச் சொல்லிக்கொடுத்தோம். கோபத்தில் போன அன்று நீ கேட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போனாய். மாடுகளெல்லாம் நெடுஞ்சாலையில். அவற்றை ஓட்டி வந்த உன் அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. கேட்டைச் சாத்தவும் இல்லை. மறுவாரம் அந்த இடத்தில் பள்ளம் வெட்டி, குறுக்கே இரும்புக் குழாய்களைப் பதித்தார். மாடு அதில் கால் வைக்கப் பயந்து தாண்டாது, கேட் திறந்தே கிடக்கலாம். கேட்டைத் திறக்க ஒவ்வொரு தடவையும் வண்டியிலிருந்து இறங்கினால் முழங்கால் வலிக்கிறது என்றார். நானும் மண்டு மாதிரி நம்பினேன். செவ்வாய்க்கிழமை அந்த வண்டியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எதிரே கேட்டைப் பார்த்தபோதுதான் அது யாருக்காகத் திறந்து கிடக்கிறது என்று புரிந்தது.

வர முடியாவிட்டால் தொலைபேசியிலாவது அந்தச் சரணத்தைப் பாடு. பிரெஸ்டன் பதிவு செய்துகொள்வான். அப்பா பக்கத்தில் இருப்பார். ஆனால் வந்தால் நல்லது.

குளிரில் கழுத்தை மூடிக்கொண்டு போ. கடவுள் உன் தொண்டையைக் காப்பாற்றட்டும். கேட்டைத் திறந்தவன் நீ, அதைச் சாத்த வேண்டியவனும் நீதான். வந்து, உள்ளே நின்று சாத்து.

உன் அம்மா
வெல்டா